முதல் அடி காலி

நினைக்காதே. காலையில் குளிக்கும்போது வந்தது. வந்ததை அப்படியே விடு. நோண்டினால் போய்விடும். வேறு எதையாவது பார். மைதானத்தைப் பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாட்ஸ்வொர்த் ஜனம் பூராவும் குடையும் குழந்தையுமாக வந்து புல்லில் உட்கார்ந்திருக்கிறது, டர்பன் நகரத்து வெயில் ஒருத்தரையும் விடாமல் உரிக்கிறது, எனக்கு மட்டும் மேடை ஓரத்தில் நிழல், நிழலில் நாற்காலி, நாற்காலியில் மெத்தை. மெத்தை எதற்கு? நான் என்ன கோயில் உற்சவரா? தெம்பி போட்டது. என் மகள். ‘நீங்க சும்மா உட்காருங்கப்பா, ஜனங்க உங்களைப் பார்த்தா போதும், பாட்டை நான் பாடிக்கிறேன்’ என்றாள் இங்கிலீஷில். புரிந்தது. எல்லாம் புரிகிறது. பதில்தான் வராது. ஈஸ்டருக்கு முந்தி மூளையில் ஏதோ குழாய் அடைத்துக்கொண்டு குளியலறையில் விழுந்தேன். எழுந்தபோது வலது கை துணி மாதிரி தொங்கியது. இங்கிலீஷ் போச்சு. ஜூலு போச்சு. எந்த இரண்டு பாஷையில் ஆயுசு பூராவும் பாடினேனோ அந்த இரண்டும் போச்சு. மிச்சம் நின்றது கேட்டோ மேனர் தகர வீட்டில் அம்மா என்னைத் திட்டிய தமிழ். அம்மா போனதிலிருந்து தொடாத பாஷை. அது மட்டும் ஒரு எழுத்து குறையாமல் உள்ளே உட்கார்ந்திருக்கிறது, வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி. வீட்டில் ஒருத்தருக்கும் புரியாது. என் பெண்டாட்டி ஜபுலிலே ஜூலுக்காரி. தெம்பிக்கு நான் சொல்லித்தரவில்லை. இப்போது படம் போட்ட புத்தகம் ஒன்று வாங்கிவந்து, ‘அப்பா, யானை?’ என்கிறாள். வீட்டில் யானை எதற்கடி? தண்ணி என்று சொல்லக் கற்றுக்கொள். சரி. இந்த நாற்காலியில் என்னை உட்காரவைத்தால் இனி எல்லா மேடையிலும் நாற்காலிதான். மாலை, சால்வை, கைதட்டல், பிறகு ஒருநாள் மேடையில் வெறும் போட்டோ. மாட்டேன். இன்றைக்குப் பாடப்போகிறேன். யாருக்கும் தெரியாது. சொல்லவும் வழியில்லை. காலையில் பிளாஸ்டிக் வாளியில் குழாய்த் தண்ணீர் விட்டு விட்டு அடித்தது, அந்த அடிக்கு நடுவில் வாய் தானாகத் திறந்து, கேட்டோ மேனர் வீட்டைச் சர்க்கார் இடித்ததைப் பற்றி நான் கட்டிய கூரைப் பாட்டின் முதல் வரி, இங்கிலீஷில், முழுசாக, சோப்பு நுரையோடு வெளியே... நினைக்காதே என்றால் நினைக்காதே.

‘என்னடா கழுதை!’ டுமிசானி வருகிறான். பேஸ் கிட்டார் அவன் வயிற்றின் மேல் படுத்துக்கொண்டிருக்கிறது, வீட்டுப் பூனை மாதிரி. இவனுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவும் வசவு. வேனில் போகும்போது பொழுது போகாமல் நான் சொல்லிக்கொடுத்தது. இப்போது உலகத்தில் என்னோடு தமிழ் பேசுகிற ஒரே ஆள் இவன்தான். மூதேவி என்றால் சௌக்கியமா. சோம்பேறி நாயே என்றால் சாப்பிட்டாயா. ‘மூதேவி,’ என்று தோளைத் தட்டுகிறான். ‘நீதாண்டா மூதேவி. கம்பி மாத்தினியா?’ ‘சனியனே!’ என்கிறான் சந்தோஷமாக. ‘மாத்தலை. தெரியுது. செத்த தவளை மாதிரி கத்துது.’ ‘கழுதை, கழுதை,’ என்று பெரிய மனுஷன் மாதிரி தலையாட்டுகிறான். பக்கத்தில் மாத்திரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஜபுலிலே சிரிக்கிறாள். ‘ரெண்டு கிழங்களும் அப்படி என்ன பேசிக்கிறீங்க?’ ‘அரசியல்,’ என்கிறான் அவளிடம் ஜூலுவில். இவன்தான் என் வாயாக இருந்தவன். அப்போது வெள்ளைக்காரன் சட்டம், கறுப்பர்களும் இந்தியர்களும் ஒரே மேடையில் நின்று பாடினால் போலீஸ் வரும். ஒரு ஹாலில், ‘இந்தியன் திரைக்குப் பின்னால் நிற்கட்டும்’ என்றான் மேனேஜர். நின்றேன். நான் திரைக்குப் பின்னால் பாட, டுமிசானி முன்னால் நின்று வாயசைத்தான். திரை முழுக்கத் தூசி. இரண்டாவது பாட்டு நடுவில் தும்மிவிட்டேன், மைக்கில், பெரிதாக. முன்னால் இவனும் கையை வைத்து மூக்கைப் பொத்தித் தும்மினான், தாளம் தப்பாமல். ஜனம் கைதட்டியது. அன்றைக்கு முடிவு செய்தேன், செத்தாலும் இவனோடுதான் என்று. அதற்கும் முந்தி கல்யாண பேண்டில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த பயல் நான். மாப்பிள்ளை ஊர்வலத்துக்குச் சினிமாப் பாட்டு. துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கிய ஒரு மாலுமி ஒரு ரெக்கே இசைத்தட்டை என்னிடம் விற்றான். ஊசியை வைத்தேன். என்னடா இது, தட்டு தேய்ந்துவிட்டதா, முதல் அடியைக் காணோமே என்று தூக்கித் தூக்கிப் பார்த்தேன். உலகத்துப் பாட்டெல்லாம் முதல் அடியில் காலை ஊன்றும். இது முதல் அடியை விட்டுவிடுகிறது. வெறும் காற்று. மூன்றாவதில் மொத்தமாக விழுகிறது. மாடிப்படியில் ஒரு படி இல்லாமல் கால் வைத்த மாதிரி வயிறு ஜிலீரென்றது. அந்த ஜிலீர்தான். அதற்காகத்தான் எல்லாம். ஹராரே, மபூட்டோ, லாகோஸ், எங்கே போனாலும் அந்த ஒரு வெற்றிடத்தைப் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். இப்போது அந்த... டிரம்ஸ் பையன் எங்கே? புதுசு. லிண்டானி. கை சுத்தம். ஆனால் சும்மா இருக்கத் தெரியாது. எங்கே இடம் கண்டாலும் எதையாவது நிரப்புவான். முதல் அடியில் பெரிய டிரம்மின் மிதியில் கால் வைக்கிறான். இரண்டு மாசமாக வைக்கிறான். நான் கத்தினேன் ஒத்திகையில். ‘தாத்தா எனக்கு ஆசீர்வாதம் பண்றார்’ என்று எழுந்து வணங்கினான்.

மைதானத்து ஓரத்தில் ஒருத்தன் பாதி ரொட்டியைக் குடைந்து மொச்சைக் குழம்பை ஊற்றி விற்கிறான், மசாலா வாசனை மேடை வரைக்கும் வந்து மூக்கைப் பிடித்து இழுக்கிறது. முடியட்டும். பாடி முடித்துவிட்டு ஒன்று முழுசாக, ஜபுலிலே கண்ணெதிரிலேயே தின்பேன், ரத்தக்கொதிப்பு என்ன செய்கிறதோ செய்யட்டும். பாடி முடித்துவிட்டு. வரவில்லை என்றால்? மைக்கைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு, இத்தனை ஜனத்துக்கு முன்னால் ஒரு சத்தமும்... தெம்பி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொள்வாள். ஜனம் ‘பாவம்’ என்று கைதட்டும். அந்தக் கைதட்டலுக்குப் பிறகு ஒரு மனுஷன் எப்படி வீட்டுக்குப் போவான்? வியர்க்கிறது. ஜபுலிலே புடவைத் தலைப்பால், இல்லை, இவள் எப்போது புடவை கட்டினாள், சால்வை முனையால் என் கழுத்தைத் துடைக்கிறாள், சடையை ஒதுக்கிவிட்டு. சடை. அம்மா இந்தச் சடையைப் பார்த்ததும் கண் கலங்கினாள். ‘முருகனுக்கு வேண்டிக்கிட்டியாடா பூபாலா?’ ரெக்கே பாடுகிறவன் சடை வளர்ப்பான் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? சும்மா இருந்தேன். அதையே ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள். தெரு பூராவும் சொல்லிவிட்டாள். காவடிக்கு முந்தின வாரம் பக்கத்து வீட்டுக்காரிகள் தேங்காயும் பாலும் கொண்டுவந்து வைத்துவிட்டு, சிகரெட்டோடு உட்கார்ந்திருந்த என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ‘எப்படா இறக்கப்போறே?’ என்று வருஷா வருஷம் கேட்டாள். ‘இன்னும் வேளை வரலம்மா.’ அவள் போகிற வரைக்கும் வேளை வரவில்லை. ஆளுக்கு ஒன்றை நினைத்துக்கொள்கிறார்கள், நான் வாய் திறந்தாலும் திறக்காவிட்டாலும். ஆஸ்பத்திரியில் இன்னும் மோசம். ராத்திரிக் காற்று மூஞ்சியில் அடிக்கிறது, ‘அந்தச் சன்னலைச் சாத்துங்களேன்’ என்கிறேன். டாக்டர் தெம்பியிடம், ‘சொற்கள் குழம்பிவிட்டன, அர்த்தமில்லாத சத்தம்’ என்கிறார். தெம்பி அழுகிறாள். நான் இன்னும் உரக்க, ‘சன்னல்! சன்னல்!’ என்கிறேன். ஊசி போடுகிறார்கள். கடைசியில் பக்கத்துக் கட்டிலிலிருந்து பெருமாள் என்கிற ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் எழுந்து உட்கார்ந்து, ‘அம்மா, அந்த ஆள் உளறலை. சன்னலைச் சாத்தச் சொல்றான். வந்த நாளா அதையேதான் சொல்றான். எனக்கும் தூக்கம் போச்சு’ என்றார் இங்கிலீஷில். தெம்பி திகைத்துப்போய், ‘முதல்லயே சொல்லியிருக்கலாமே?’ என்றாள். ‘என்னை யாரும் கேக்கலையே,’ என்று படுத்துக்கொண்டார். பேச்சுப் பயிற்சிக்காரி ஒருத்தி வந்தாள். பேச்சு போனவர்களுக்கும் சிலசமயம் பாட்டு நிற்குமாம், அது மூளையில் வேறு பக்கமாம், ‘எங்கே, பிறந்தநாள் பாட்டு பாடுங்க பார்க்கலாம்’ என்று கையைத் தட்டினாள், குழந்தைக்குத் தட்டுகிற மாதிரி. நானா? பிறந்தநாள் பாட்டா? வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். ‘பாட்டும் போய்விட்டது’ என்று தெம்பியிடம் சொல்லிவிட்டுப் போனாள். அதனால்தான் இந்த நாற்காலி. நினைத்துப் பார்த்தால் என் வீம்பு செய்த நாற்காலி. நினைக்காதே.

ஆரம்பித்துவிட்டார்கள். தெம்பி நடுவில் நின்று என்னைக் காட்டி ஏதோ சொல்கிறாள், ஜனம் எழுந்து நிற்கிறது, கைதட்டல் கடலலை மாதிரி மேலே ஏறுகிறது, நான் இடது கையைத் தூக்குகிறேன், போதும், போதும், உட்காருங்கள், ஆரம்பியுங்கள். முதல் பாட்டு. தெம்பியின் குரல் நல்ல குரல். என்னுடையதைவிடச் சுத்தம். ஆனால் கோபம் போதாது. பாடட்டும். மெதுவாகப் பின்னாலேயே உதட்டை அசைத்துப் பார்க்கிறேன், யாருக்கும் தெரியாமல். ஒன்றும் இல்லை. காற்று. மறுபடி. காற்று. காலையில் வந்ததே. வாளியில் தண்ணீர் விட்டு விட்டு, விட்டு விட்டு... விட்டு! அதுதான். மடையா, அதுதான். தண்ணீர் இடம் விட்டது. இங்கே இடம் எங்கே? லிண்டானி முதல் அடியில் கால், மூன்றாவதில் கால், நடுவில் தட்டு, ஓரத்தில் கிணுகிணு, சுவர் மாதிரி எழுப்பிவைத்திருக்கிறான். எங்கே நுழைவேன்? நான் நுழைகிற வாசலே முதல் அடிதான். காலி அடி. அதில்தான் மூச்சு எடுப்பேன், அதில்தான் சொல் வந்து நிற்கும், மூன்றாவதில் விழும்போது கூடவே குதிக்கும். அது இல்லாவிட்டால் நானும் இல்லை. அடுத்தது கூரைப் பாட்டு. பேஸ் ஆரம்பிக்கிறது. டுமிசானி, தவளை, ஆனாலும் என் தவளை. லிண்டானி முதல் அடியில் டொம் என்று வைக்கிறான். எழுந்துவிட்டேன். ‘தெம்பியப்பா! எங்கே போறீங்க?’ ஜபுலிலே என் பேரைச் சொல்லமாட்டாள், அவர்கள் வழக்கம், தெம்பியப்பா என்றுதான் கூப்பிடுவாள், சண்டையிலும்கூட. ‘உட்காருங்க! பிரஷர்!’ ஊன்றுகோலை ஊன்றுகிறேன். வலது கால் இழுக்கிறது. இழுக்கட்டும். ஜனம் நான் ஆடுகிறேன் என்று நினைத்து விசிலடிக்கிறது. ஆடவில்லை, நடக்கிறேன், குருடா உனக்கு? டிரம்ஸ் பக்கத்தில் போய் நிற்கிறேன். ‘முதல் அடியை விடுடா!’ பையன் பல்லைக் காட்டித் தலை வணங்குகிறான். மறுபடியும் ஆசீர்வாதம். கோலைக் கீழே போட்டுவிட்டு அவன் வலது முழங்காலை என் இடது கையால் பிடித்து அமுக்கினேன். முதல் அடி. எழும்ப விடவில்லை. இரண்டு. கையை எடுத்தேன். மூன்று. டம்! மறுபடி அமுக்கினேன். அவன் கண் பெரிசாகிறது. காலி. காலி. டம்! டுமிசானி திரும்பிப் பார்க்கிறான். அவன் முகத்தில் முப்பது வயசு வந்து உட்காருகிறது. பேஸை ஒரு முடிச்சு தள்ளிப் போடுகிறான், இடம் விட்டு, பழைய மாதிரி, நாங்கள் வாழ்ந்த மாதிரி. முழங்கால் இப்போது தானே சும்மா இருக்கிறது. கற்றுக்கொண்டான். புத்திசாலிதான் பயல். வயிறு ஜிலீரென்கிறது. வாசல் திறந்துவிட்டது.

தெம்பி பாடத் தொடங்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்கிறாள். மைக்கைக் கொடு என்று கை நீட்டினேன். ‘அப்பா, வேண்டாம்ப்பா,’ என்றாள், அவமானப்பட்டுவிடுவேன் என்று பயம், எனக்காகப் பயம், எனக்கில்லாத பயமா? பிடுங்கிக்கொண்டேன். ‘தள்ளு.’ அவளுக்குப் புரிந்தது தமிழ். காலி. நினைக்காதே. டம். போச்சு, விட்டுவிட்டேன். காலி. கூரைக்கு இங்கிலீஷில் என்ன? நினைக்காதேடா! டம். போச்சு. இரண்டு சுற்று. முன்வரிசையில் ஒரு கிழவி முந்தானையால் வாயைப் பொத்துகிறாள். பாவம் என்று கைதட்டத் தயாராகிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது, நல்ல கோபம், அசல் கோபம், காலி, மூச்சு, மைக்கில் என் மூச்சு எனக்கே கேட்கிறது, டம்மில் குதித்தேன், வந்துவிட்டது. இங்கிலீஷ்! முதலில் கூரையை எடுத்தார்கள், மழைக்கு முன்னால் எடுத்தார்கள். அந்தச் சொல், எட்டு மாசமாகத் தேடின சொல், தேடாமல் வந்து நாக்கில் நின்று குதித்தது. குரல் துரு. துருப்பிடித்த தகரம். இருக்கட்டும், தகரக் கூரையைப் பற்றிய பாட்டுத்தானே, தகரம் பாடட்டும். ஜனம் அலறுகிறது. இரண்டாம் சரணம் ஜூலு. வருமா என்று கேட்கவே நேரம் கொடுக்கவில்லை, வந்தது, கதவைக் கழற்றினார்கள், வா கதவே நீயும் எங்களோடு வா என்று. ஜபுலிலே மாத்திரை டப்பாவோடு மேடை நடுவுக்கு வந்துவிட்டாள், திட்டிக்கொண்டே அழுகிறாள், அழுதுகொண்டே ஆடுகிறாள், டப்பா சலங்கை மாதிரி குலுங்குகிறது. இந்தப் பாட்டின் தட்டைத்தான் ஒரு வானொலி நிலையத்தில் ஆணியால் கீறிவைத்தார்கள், யாரும் போடக்கூடாது என்று. கீறுங்கள். என் மண்டையிலேகூட ஒரு கீறல் விழுந்தது பார், என்ன ஆயிற்று? மூன்றாம் சரணம். சுவர் நின்றது, சுவரில் ஆணி நின்றது, ஆணியில் அப்பாவின் தொப்பி. முடிகிறது. ஐயோ, முடிகிறது. பாட்டு நின்றால் வாயும் நின்றுவிடும். கதவு சாத்திக்கொள்ளும். திரும்பவும் யானைப் படம். தெம்பி மைக்குக்குக் கை நீட்டுகிறாள், கன்னமெல்லாம் கண்ணீர். ‘தரமாட்டேன் போடி.’ டுமிசானியைப் பார்த்து மைக்கைச் சுழற்றிக் காட்டினேன். இன்னொரு சுற்று. ‘சரணம் தீர்ந்துபோச்சே!’ என்று அவன் ஜூலுவில் கத்துகிறான். தெரியும். நாலாவது எழுதவே இல்லை. காலி அடி வந்துகொண்டே இருக்கிறது. எதை வைத்து நிரப்ப? மண்டைக்குள் மனப்பாடமாக ஒரு சொல் இல்லை, துடைத்துவிட்ட சிலேட்டு. கீழே மேடைக்கு நேர் எதிரில் சிவப்புச் சட்டைக்காரன் ஒருத்தன், வெயிலில், என்னைப் பார்த்தபடி வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான். அவனைப் பார்க்கப் பார்க்க எரிச்சல். மூச்சு எடுத்தேன். விழுந்தது. ‘ஏ சிவப்புச் சட்டே, வாயை மூடு, ஈ போவுது, ஈ போவுது.’ தமிழ். பாட்டிலே தமிழ். நான் ஒருநாளும் பாடாத பாஷை, மூன்றாவது அடியில் கச்சிதமாக விழுந்தது, அதற்காகவே வெட்டிவைத்த கட்டை மாதிரி. பின்பாட்டுக்காரிகள் மூன்று பேரும் ஜூலுப் பெண்கள், ஒன்றும் புரியாது, ஆனால் நான் என்ன பாடினாலும் திருப்பிப் பாடுவது அவர்கள் வேலை. ‘ஈ போவுது, ஈ போவுது,’ என்கிறார்கள் கோயில் மணி மாதிரி மூன்று குரலில். புல்லில் உட்கார்ந்திருக்கிற கிழவிகள் முதலில் திகைத்து, பிறகு ஒருத்தி சிரிக்க, வரிசை வரிசையாகக் குலுங்குகிறார்கள். ‘இன்னும் சொல்லுய்யா அவனை!’ என்று ஒருத்தி குடையை ஆட்டுகிறாள். சொல்கிறேன். என்ன சொல்ல? தெரியாது. தெரியவேண்டாம். சிவப்புச் சட்டை கைதட்டுகிறான், இன்னும் வாயை மூடவில்லை மடையன், டுமிசானி வயிறு அதிரச் சிரிக்கிறான், முதல் அடி காலியாகப் போகிறது, காற்று உள்ளே வருகிறது, வாயைத் திறக்கிறேன்.